ரேடியோவின் அக்காவுக்கு ஓர் உதவித்தொகை

எங்கள் கீழ்வீட்டு டைலர் அக்காவுக்கு, வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றாலே தலைகால் புரியாது. அன்று வரவிருந்தவரோ அரசாங்க ஆபீசர். உடல் முடியாதவரை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்பவருக்கு மாதாமாதம் தருகிற உதவித்தொகைக்கு அக்கா மனு போட்டிருந்தாள். கிடைத்தால் வீட்டிலேயே தைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கார்மெண்ட்ஸ் ஷிப்ட். தம்பியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

தம்பிக்குத் தெருவில் பெயர் ரேடியோ. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கை கால் விளங்காமல் போயிற்று. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் வீட்டை உள்ளபடியே விட்டிருப்பார்கள். அக்காவோ விடிந்ததும் தம்பியைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பவுடர் பூசி, என் வீட்டு நாற்காலியை வாங்கி அதில் உட்கார வைத்துவிட்டாள். மடியில் பேப்பரை விரித்து, அவன் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். மருந்து பாட்டில்களும் பெட்பேனும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

"என்னக்கா, மாப்பிள்ளை பார்க்கவா வர்றாங்க?" என்றேன்.

"நாலு பேர் வர்ற இடத்துல என் தம்பி அழுக்கா இருக்கணுமா?" என்று சீறினாள்.

ஆபீசர் வந்தார். நாற்காலிக்குத் துணையாக நானும் நின்றுகொண்டேன்.

"கை எப்படிப்பா இருக்கு?"

"அதுக்கென்ன சார், இப்பல்லாம் ஜோரா வேலை செய்யுது. நானே சாப்பிடுறேன், நானே பேப்பர் புரட்டுறேன்," என்று ரேடியோ அளந்துவிட்டான். புது ஆளைக் கண்டால், முடியாது என்ற சொல் அவன் வாயில் வராது.

ஆபீசருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ரொம்ப நல்லது. அப்போ கூடவே ஆள் இருக்கணும்னு அவசியமில்ல," என்று பேனாவைத் திறந்தார்.

அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேற்று மனிதர் முன்னால் தம்பியைப் பொய்யனாக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

ரேடியோ அவள் முகத்தையே பார்த்தான்.

"அக்கா," என்றான் பிறகு. "மூக்கு அரிக்குது. சொறிஞ்சு விடேன்."

ஆபீசரின் பேனா நின்றது.

அக்கா ஓடிவந்து சொறிந்துவிட்டாள். "எப்போலேர்ந்துடா அரிக்குது?"

"சார் உள்ள நுழைஞ்சதிலேர்ந்து," என்றான் ரேடியோ. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... ஆங், அங்கதான். நீங்க எழுதிக்கோங்க சார்."