பன்னிரண்டு ஸ்டாம்பும் சுத்தம்

எங்கள் சின்ன மாமாவின் கல்யாணம் நடந்ததற்கு நான்தான் காரணம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதை முழுப்பொய் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற சாலையில் தொப்பியும் கூலிங் கிளாஸும் விற்றார். மற்ற கடைக்காரர்கள் வெள்ளைக்காரர்களிடம் பேரம் பேசுவார்கள், மாமாவோ, "ஸ்டாம்ப்? ஸ்டாம்ப்?" என்று கேட்டுப் பின்னாலேயே போவார். அப்படிச் சேர்ந்தது நான்கு ஆல்பம். வியாபாரம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்டாம்ப் கழுவும் வேலை என்னுடையது. உறையோடு வெட்டிய ஸ்டாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, தாள் கழன்றதும் பின்பக்கத்து வழுவழுப்பு போகும்வரை விரலால் தடவிக் கழுவி, செய்தித்தாளில் குப்புறப் போட்டு உலர்த்த வேண்டும். கோந்து மிச்சமிருந்தால் எங்கள் ஊர்க் கடல்காற்றில் கசிந்து ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். "கொஞ்சூண்டு கோந்து இருந்தாலும் பேஜாரு பாப்பா" என்று மாமா சொல்லிச் சொல்லி, கோந்தைக் கண்டாலே எனக்குக் கை பரபரக்கும்.

மாமாவுக்கு மதுராந்தகத்தில் பெண் பேசினார்கள். பெண்ணை ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் மாமா ஏற்கெனவே பார்த்திருந்தார். "இந்தப் பொண்ணு இல்லேன்னா எனக்கு எதுவும் வாணாங்கா" என்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் ஸ்டாம்ப் சேர்ப்பவர் என்று தெரிந்ததும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு.

அவருக்குக் காட்டுவதற்காக மாமா தன் பொக்கிஷத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு வெளிநாட்டுக்காரர் கொடுத்த பன்னிரண்டு ஸ்டாம்புகள். போதுமான ஸ்டாம்ப் ஒட்டாமல் வருகிற கடிதத்துக்கு, மீதிக் காசை வாங்குகிறவரிடம் வசூலிக்க, சில நாடுகளில் தபாலாபீஸே ஒட்டுகிற தனி வகை அது. படம் கிடையாது, நடுவில் வெறும் எண். முத்திரை குத்தியிருந்தது. ஆனால் எந்தக் கடிதத்திலும் ஏறாதவை; சேகரிப்பவர்களுக்கென்றே முத்திரை குத்தி விற்றவை. அதனால் பின்பக்கத்துக் கோந்து கலையாமல் இருந்தது. அந்தக் கோந்துதான் அவற்றின் பெருமை என்பது நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், முத்திரை விழுந்த ஸ்டாம்பில் கோந்து இருக்கக் கூடாது என்பதுதான்.

மாமா பள்ளிவாசலுக்குப் போனதும் தட்டில் வெந்நீர் ஊற்றினேன். அவ்வளவு அக்கறையாக அதற்கு முன் கழுவியதில்லை; உலர்ந்ததும் பழையபடி மேஜைமேல் அடுக்கிவைத்தேன். மாமாவின் மானம் அல்லவா!

தொழுகை முடிந்து மாமாவும் பெண்ணின் அத்தாவும் பேசிக்கொண்டே வந்தார்கள். பெரியவர் சட்டைப்பையிலிருந்து சொந்த இடுக்கியை எடுத்து முதல் ஸ்டாம்பைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். பன்னிரண்டையும் திருப்பிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா தம்பி, ஒரிஜினல் கோந்தோட கீதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தீங்க?"

மாமா ஈரச் செய்தித்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான்தான்…" என்று பெருமையாக ஆரம்பித்தேன். மாமா பலகாரத் தட்டிலிருந்த தம்ரூட்டை முழுத் துண்டாக எடுத்து என் வாயில் திணித்தார்.

"நான்தாங்க ஊற வெச்சேன். தெரியாம பண்ட்டேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. உழைத்தது நான், பேர் வாங்குவது மாமாவா? ஆனால் வாய் நிறைய இனிப்பு. பெரியவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்து, "சொல்லியனுப்புறோம்" என்று கிளம்பிவிட்டார்.

மாமி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். "எங்கத்தா வூட்டுக்கு வந்ததும் இன்னா சொன்னாரு தெரியுமா? 'அந்தப் புள்ளைக்குப் பொய்யே சொல்லத் தெரியல, கொயந்த வாய அடைக்குது. தாராளமா பொண்ணு குடுக்கலாம்'னாரு."

ஆனால் அந்தச் சேதி எங்களுக்கு வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் மாமா மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்து, பன்னிரண்டு ஸ்டாம்பையும் குப்புற அடுக்கி, பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு ஆறிப்போகும். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் வேலையைச் சோதிக்கிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

"சுத்தமா கீதா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

மாமா என் தலையைத் தடவினார். "கீது பாப்பா. ஒண்ணுமே மிச்சம் இல்ல."

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உடனே எழுந்து போய், வேறு எதிலாவது கோந்து இருக்கிறதா என்று நான்கு ஆல்பத்தையும் புரட்டத் தொடங்கினேன்.