இருபத்திரண்டு பாகம், ஒரே ஒரு கல்யாணம்

அமெரிக்காவில் சன்னிவேலில் குடியிருக்கும் கதிருக்கு முப்பத்து நாலு வயது. கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்து, பதினோரு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் திரும்புகிற பிழைப்பு. கிரீன் கார்டு வரிசையிலும் நிற்கிறான், கல்யாண வரிசையிலும் நிற்கிறான். எது முதலில் நகரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஒரு ஜப்பான் படக்கதையைத் தவிர. அதைக் கார்ட்டூன் தொடராக எடுத்த அனிமேயின் தொண்ணூறு எபிசோடையும் ஹாஸ்டல் அறையில், பரீட்சைக்கு முந்தின வாரம் உட்கார்ந்து பார்த்தவன். இரண்டு அரியர் விழுந்தது, ஆசை மட்டும் விழவில்லை. அமெரிக்கா வந்து சம்பளம் பார்த்ததும் அதையே ஆங்கிலப் புத்தகமாக, இருபத்திரண்டு பாகமும் வாங்கி ஹாலில் அடுக்கிவிட்டான். சாமி படம் கிச்சன் அலமாரிக்குள் இருக்கிறது.

கதை இதுதான். ஜப்பானில் ஒரு சின்ன ஊர். ஸ்டேஷன் தெருவில் எதிரெதிரே இரண்டு குடைக்கடை. இந்தக் கடையில் பையன், அந்தக் கடையில் பெண். வியாபாரத்தில் ஜென்ம விரோதம், மனசுக்குள் காதல். மழை வந்தால் சொல்லிவிடலாம் என்று பையன் ரோட்டைக் கடப்பான். பாதி ரோட்டில் மழை நின்றுவிடும். நிற்காவிட்டால் நாய் துரத்தும். நாய் இல்லாத அன்றைக்கு அவளுடைய அப்பா துரத்துவார். இப்படியே இருபத்தொரு பாகம். நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை, இன்னும் படித்துச் சிரிக்கிறார்களாம். ஒரு வார்த்தை சொல்ல இத்தனை பாகமா என்று நமக்குத் தோன்றும். கதிருக்குத் தோன்றாது. அவனும் அதே ரகம்.

அவனுடைய பயோடேட்டாவை எழுதியது அவன் இல்லை, ஊரில் இருக்கும் அவன் அம்மா வசந்தாமணி. அமெரிக்க மாப்பிள்ளைகளுக்கு வருமான வரிப் படிவம் மட்டும்தான் சொந்தக் கையால் நிரப்பத் தெரியும்.

"பொழுதுபோக்குன்னு ஒரு கட்டம் இருக்குது கண்ணு. என்ன எழுதறது?"

"ஜப்பான் காமிக்ஸ் படிப்பேன்மா."

"முப்பத்து நாலு வயசுல பொம்மை பாக்கறான்னு எழுதுனா எவன்டா பொண்ணு குடுப்பான்?"

அம்மா எழுதியது, 'ஜப்பானிய இலக்கிய ஆர்வலர்'. கதிரும் அதைத் திருத்தவில்லை.

பத்து இடம் தட்டிப் போயிற்று. பதினோராவது இடம் பக்கத்து ஊரான ஃப்ரீமாண்டில் வேலை பார்க்கும் தென்றல். ஜாதகம் பொருந்தியது. அரை மணி நேரம் போனில் பேசினார்கள். இரண்டு தடவை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டான். இந்த இடம் கைவிட்டுப் போகக்கூடாது என்று அவனுக்கே முதல் தடவையாகத் தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவோடு தென்றல் அவன் வீட்டுக்கு வந்தாள். எல் கமினோ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய போண்டாவை எவர்சில்வர் தட்டுக்கு மாற்றி, சொந்தச் சமையல் போல வைத்திருந்தான். சொந்த ஊர் கோபியில் அப்போது ஞாயிறு காலை. வீடியோ காலில் வசந்தாமணி, பட்டுப்புடவையும் காபி டம்ளருமாக, தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தார்.

தென்றலின் அப்பா திருமூர்த்தி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், உடுமலை வாசகர் வட்டத்துத் தலைவர். வட்டத்தில் மொத்தம் ஏழு பேர். உட்கார்ந்ததும் சம்பளம் கேட்கவில்லை, சாதம் வடிக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை.

"ஏனுங் தம்பி, ஜப்பானிய இலக்கியம்னு போட்டிருந்துதே. எங்களுக்கும் கொஞ்சம் அறிமுகப்படுத்துங்க."

கதிர் கடித்த போண்டாவைத் தட்டில் வைத்தான். ஹாலில் இருந்த புத்தக அடுக்கைப் பார்த்தான். அதற்குள் திருமூர்த்தியே எழுந்து போய்க் கடைசிப் பாகத்தை உருவிவிட்டார்.

"அட, படத்தோட இருக்குதே!"

"சித்திர நாவலுங்க," என்றது போன்.

ஜப்பான்காரன் புத்தகத்தை, ஆங்கிலத்தில் வந்தாலும், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கம் அவனுக்கு முதல் பக்கம். திருமூர்த்தி எல்லாப் புத்தகத்தையும் போல இடப்பக்கமிருந்து திறந்தார். முதல் பக்கத்திலேயே கல்யாணம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருபது நிமிஷம் தலை நிமிரவில்லை. பேச்செல்லாம் முன்னுக்குப் பின்னாக இருந்தது. நவீன இலக்கியம் அப்படித்தான் இருக்கும் என்று அவர் வட்டத்திலேயே பேசியிருக்கிறார்.

"ஆஹா!" என்று மூடினார். "கல்யாணத்துல ஆரம்பிக்கறான். அப்பறம் சண்டை. அப்பறம் பேச்சே கிடையாது. கடைசில ரெண்டு பேரும் ஆளுக்கொரு கடைய அடைச்சிட்டுத் தனித்தனியா உக்காந்திருக்காங்க. வாழ்க்கைங்க இது! முப்பத்தஞ்சு வருசம் இவகூட இருந்து நான் கண்டுபிடிச்சத இவன் ஒரே புஸ்தகத்துல எழுதிட்டான்."

"கடைய அடைக்காம வெச்சிருக்கறதே நான்தானுங்," என்றார் அவர் மனைவி நாகமணி, போண்டாவைக் கடித்தபடி.

"இப்பேர்ப்பட்ட தத்துவத்தப் படிக்கற பையன். எங்களுக்குத் திருப்திங்க."

போனுக்குள் வசந்தாமணி கையெடுத்துக் கும்பிட்டார். கதிர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பதினோரு வருஷமாக இருந்தது போலவே சும்மா இருந்தால் போதும்.

தென்றல் அப்பா கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பக்க எண்களைப் பார்த்தாள்.

"கதிர், இதை எந்தப் பக்கத்துல இருந்து படிக்கணும்?"

அம்மாவைப் பார்த்தான். போனிலிருந்து கண்ணாலேயே மிரட்டல் வந்தது.

"வலது பக்கத்துல இருந்துங்க. அங்கிள் தலைகீழா படிச்சிட்டாரு. இது இலக்கியம் கிலக்கியம் இல்லீங்க அங்கிள், காமெடி லவ் ஸ்டோரி. சண்டைல ஆரம்பிச்சு கல்யாணத்துல முடியும். ஹாஸ்டல்ல பார்த்து அழுதிருக்கேன். பயோடேட்டால அம்மா சும்மா போட்டுட்டாங்க."

போன் கட்டாயிற்று. கோபியில் அந்த நேரம் பார்த்து சிக்னல் போயிருக்க வேண்டும்.

திருமூர்த்தியின் முகம் மின்வெட்டு நேரத்து உடுமலை போல இருந்தது. "அப்ப நான் படிச்சது?"

"நீங்க படிச்சதும் நல்லாத்தான் இருந்துதுங்கப்பா," என்றாள் தென்றல், சிரிப்பை அடக்கமுடியாமல். "கதிர், முதல் பாகம் குடுங்க. படிச்சிட்டுத்தான் பதில் சொல்லுவேன்."

திருமூர்த்தி கார் வரைக்கும் கையில் இருந்த கடைசிப் பாகத்தைக் கீழே வைக்கவே இல்லை.

அவர்கள் போனதும் அம்மாவின் சிக்னல் திரும்பி வந்தது.

"கெடுத்துட்டியேடா! என்ன சொன்னா அந்தப் புள்ள?"

"புஸ்தகத்தப் படிச்சிட்டுச் சொல்றேன்னு வாங்கிட்டுப் போயிருக்காம்மா."

அந்தப் பக்கம் காபி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கடைசில அந்தக் கதைல வர்றதுங்களுக்கு நெசமாவே கல்யாணம் ஆகுதா?"

"ஆகுதும்மா."

"எத்தனையாவது புஸ்தகத்துல?"

"இருபத்திரண்டு."

"ஒவ்வொண்ணா வாங்கிட்டுப் போயிப் படிச்சா உனக்கு நாப்பது வயசாயிரும். அட்டைப் பெட்டி இருக்குதா வீட்டுல? மிச்சத்தையும் எடுத்துப் போட்டுட்டு ஃப்ரீமாண்டுக்கு வண்டிய எடு."