சந்தனம் வைத்தால் நின்றுபோகிற வண்டி

பெட்ரோல் வாசனையும் சந்தன வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். எத்தனையோ வருடமாகிறது... இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

இந்த வயதில்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் வருகிறது. மேலே உள்ளதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது எனக்கு.

எண்பதுகளின் கடைசி. ஆவடிக்கு அந்தப் பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தோம். பூந்தமல்லியில் சீட் கவர் தைக்கிற பாய் ஒருவர், தான் ஓட்டிய மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றார். பழைய வண்டிதான். ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

அந்த வெள்ளிக்கிழமை ஐயப்பன்தாங்கலில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தங்கைக்கு நான் ஒரே அண்ணன். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் நான் வரவில்லை என்றால் தன் கொழுந்தன் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிடுவதாகத் தங்கையின் மாமியார் சொல்லியிருந்தார். தங்கை என்னிடம் வந்து அழுதாள்.

"பஸ்ஸ நம்பாத அண்ணா. வண்டிலயே வந்துடு."

வண்டியில் இருவருமாக முதல் முறை அவ்வளவு தூரம் போகிறோம். என் மனைவி தனம் விடியற்காலையிலேயே வண்டியைக் கழுவி, மாலை போட்டு, கிடைத்த இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஹெட்லைட்டில் ஒன்று, நம்பர் பலகையில் ஒன்று, பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவில் பெரிதாக ஒன்று. சீர்த்தட்டைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

பருத்திப்பட்டு தாண்டியதும் வண்டி இருமியது... நின்றது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தேன். ம்ஹும். பிளக்கைக் கழற்றி, துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். ம்ஹும்.

பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா அண்ணாத்தே, பெட்ரோல் கீதா?"

எனக்குக் கோபம் வந்தது. "நேத்துதான் போட்டேன். பெட்ரோல் இல்லாம எவனாச்சும் காதுகுத்துக்குக் கெளம்புவானா?"

அவர் காதில் வாங்கவே இல்லை. மூடியைத் திருகித் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டினார். "கீது, கீது" என்று மூடினார். நான் உதைத்தேன். ஸ்டார்ட்!

"நம்ம கை ராசி அப்டி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தனம் மூடியைப் பார்த்தாள். "அவரு கை பட்டு பொட்டு அழிஞ்சிபோச்சுங்க. நல்ல காரியத்துக்குப் போசொல்ல இப்டியா போறது?" சீர்த்தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து மறுபடியும் வைத்தாள்.

சென்னீர்குப்பத்தில் மறுபடியும் நின்றது. உதைத்து உதைத்துக் கால் வலித்தது. ஓரமாக நின்ற லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார்.

"பெட்ரோல் கீதா நைனா?"

அவரும் திறந்தார், பார்த்தார், மூடினார். ஸ்டார்ட் ஆனது. தனம் மறுபடியும் இறங்கினாள். இந்த முறை சந்தனத்தைத் தடிப்பாகவே அப்பினாள். "ஊரு கண்ணே இந்த வண்டி மேலதான் கீது."

பூந்தமல்லிக்குள் நுழைந்ததும் மூன்றாவது முறை. பாய் கடை பக்கத்தில்தான். தள்ளிக்கொண்டே போனேன். வேட்டியெல்லாம் கிரீஸ். கடைக் கடிகாரம் பத்தைத் தொட்டிருந்தது.

"இன்னா பாய், இப்டி ஏமாத்திட்டீங்களே!"

பாய் ஊசியும் கையுமாக எழுந்து வந்தார். "வாய அளந்து பேசுப்பா. என்கிட்ட கீறப்ப ஒரு நாள் நின்னதில்ல இது."

அப்போதுதான் தனம் நடுவில் வந்தாள்.

"ஏங்க, நானும் பாத்துகினேதான் வர்றேன். நான் பொட்டு வச்சா நிக்குது. யாராச்சும் அழிச்சா ஓடுது." பிறகு பாயைப் பார்த்துத் தயங்கினாள். "பாய் ஊட்டு வண்டி இல்லியா... சந்தனம் பழக்கமில்ல போல."

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வருஷா வருஷம் தர்காவுல சந்தனக்கூடு எடுக்குறோம், எங்களுக்கா சந்தனம் பழக்கமில்ல? எங்க வச்சே, காட்டு தங்கச்சி."

காட்டினாள். அவர் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று ஒரு சத்தம்.

"அட, வண்டி மூக்க அடச்சி வச்சிக்கீற! மூடி நடுவுல சின்ன ஓட்ட கீது பாரு. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும். உன் மூக்குல இவ்ளோ சந்தனத்த அப்புனா நீ நடப்பியா?"

பால்காரரும் லாரிக்காரரும் பெட்ரோல் இருக்கிறதா என்று திறந்து பார்த்தபோதெல்லாம் வண்டி ஒரு மூச்சு விட்டிருக்கிறது. உடனே தனம் மறுபடி அடைத்திருக்கிறாள்.

பாய் கையிலிருந்த ஊசியாலேயே அந்த ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தார். "மொத காதுகுத்து வண்டிக்கு ஆயிடுச்சு. போ, போ, கொழந்தைக்கு நேரமாவுது!"

அதன் பிறகு வண்டி நிற்கவில்லை. ஐயப்பன்தாங்கல் வரை தனம் சிரித்துக்கொண்டே வருவது என் முதுகுக்குத் தெரிந்தது.

பஸ் டிப்போ தாண்டித் திரும்பினால், தெருமுனையில் என் தங்கை. இடுப்பில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை. வண்டியைப் பார்த்ததும் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"வந்துட்டாரு! எங்கண்ணன் வந்துட்டாரு!"

தங்கை மாமியாரின் கொழுந்தன் ஏற்கெனவே மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து இடம் விட்டார். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி குத்தினார். அவள் போட்ட சத்தத்தில் என் வேட்டியை யாரும் கவனிக்கவில்லை.

போன மாதம் அதே தங்கை வீட்டில் ஒரு விசேஷம். வாசலுக்கே வாடகைக் கார் வந்தது. வழியில் எங்கும் நிற்கவில்லை. கார் எங்கே வருகிறது என்று போனில் ஒரு புள்ளி நகர்ந்து காட்டுமாம். தங்கை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நல்ல வசதி. அவளுக்கும் முட்டி வலி.

கார் திரும்பும்போது, அன்று அவள் நின்ற தெருமுனையைப் பார்த்தேன்.

ஒரு தண்ணி லாரி நின்றுகொண்டிருந்தது.