பிராக்கெட் அக்காவின் சந்தேகம்

ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் அந்தக் கடைக்காரரைத் தெருவே பிராக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடும். சுவரில் பலகையைத் தாங்கும் இரும்பு பிராக்கெட்தான் அங்கே அதிகம் விற்கும். அந்தச் சொல்லைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை, நாத்தனார் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சேரும்வரை.

"ஒரே தலைவலி அண்ணி. திறந்த பிராக்கெட்டை ஒருத்தரும் மூடல" என்று ஒருநாள் சாப்பிடும்போது அவள் சலித்துக்கொண்டாள்.

"பிராக்கெட்டை எப்படிடி மூடுவாங்க? ஸ்க்ரூ வெச்சு முடுக்கத்தானே செய்வாங்க?"

நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அக்கா சிரிக்கவில்லை. எழுத்தில் போடும் வளைவுக்கும் இரும்புக்கும் எதற்கு ஒரே பெயர்? மண்டையைக் குடைந்தது.

கடைக்கு வருகிறவர்களைக் கேட்க ஆரம்பித்தார். "வருமானத்துக்கும் பிராக்கெட் உண்டும்மா, இத்தனையிலேர்ந்து இத்தனை வரைக்கும் இவ்வளவு வரின்னு" என்று வரி பார்க்கிறவர் குழப்பத்தைக் கூட்டிவிட்டுப் போனார். அடிக்கடி வரும் கார்பென்டர் தம்பி தயங்கினான். "படிக்கிறப்போ, ஒரு பொண்ணு பின்னாடி சுத்தினா பிராக்கெட் போடுறான்னு சொல்வோம்க்கா." சொன்னவனுக்கே காது சிவந்துவிட்டது.

சனிக்கிழமை நாத்தனார் அச்சகத்திலிருந்து தடித்த சொற்பிறப்பு அகராதியைத் தூக்கிவந்தாள். "பழைய பிரெஞ்சுல, கால்சட்டை முன்பக்கம் மேடா வெச்சுத் தைக்கிற துணிக்கு இது மாதிரி ஒரு பேராம். சுவர்ல துருத்திட்டு நிக்கிற தாங்கிக்கு அதுலேர்ந்து வந்திருக்கலாமாம். அந்தத் தாங்கியோட சாயல்ல இருக்கறதால எழுத்துக்குறிக்கும் அதே பேரை வெச்சிருக்கலாம்."

அக்காவின் கணவர் தையல்காரர். மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அப்போ இத்தனை வருஷமா என் சரக்கைத்தான் நீ வித்துட்டு இருக்க."

"அந்தப் பொண்ணு சமாச்சாரம் போட்டிருக்கா?" என்று அக்கா அகராதியை எட்டிப் பார்த்தார்.

"அது இதுல இல்ல அண்ணி."

அப்போதுதான் அக்காவுக்குப் பொறிதட்டியது. நாத்தனார் கடையில் உட்காரும் மாலைகளில் மட்டும்தான் அந்தத் தம்பி வருகிறான். வந்தால் ஒரே ஒரு ஜோடி பிராக்கெட் வாங்குவான்.

அடுத்தமுறை வந்தபோது கேட்டார். "ஏன் தம்பி, இத்தனை பிராக்கெட்டையும் எந்தச் சுவர்ல மாட்டுற?"

அவன் பார்வை பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் போய்வந்தது. "எதையும் மாட்டலக்கா. வீட்ல சாக்குப்பையில கிடக்கு."

நாத்தனார் கையிலிருந்த அச்சுத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "வித்த சரக்கைத் திருப்பி வாங்கிக்க மாட்டோம்." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வருஷம் கல்யாணம். அவர்கள் வீட்டில் பலகை மாட்டாத சுவரே இல்லை, குளியலறை உட்பட. எல்லாவற்றிலும் புத்தகங்கள்.

அக்கா இப்போது வாஷரில் வந்து நிற்கிறார். ஸ்க்ரூவுக்கு அடியில் போடும் அந்த வட்டத் தகட்டுக்கும் துணி துவைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று, கடைக்கு வரும் ஒருவரையும் அவர் விடுவதில்லை.