ஒசேவே வாங்கிய ஐந்து கோல்

கிசுமு நகரில், கொண்டேலே சந்தைக்குப் பின்னால் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். நாலு டிவி, இரண்டு பெஞ்சு, காது கிழியும் கூச்சல். அதில் பாதிக் கூச்சல் ஒசேவேயுடையது. எதிர் வெல்டிங் பட்டறையில் வேலை. சாப்பாட்டுக்கு விட்டதும் வறுத்த மீனும் கையுமாக ஓடி வருவான். "கையைக் கழுவிட்டுத் தொடுடா எருமை!" என்று நான் கத்தாத நாளில்லை. கால்பந்து ஆட்டத்தில் ஒரு கோல் போட்டால் போதும், தோற்கிறவன் மானத்தை வாங்கிவிடுவான். அவன் வராவிட்டால் கடை களைகட்டாது.

போன வருடம் பட்டறை மெஷின் அவனுடைய வலது கட்டைவிரலை எடுத்துவிட்டது. மூன்று மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன்.

"பாவம் பாத்து விட்டுக்குடுப்பானுங்க அக்கா. அதுக்கு நான் வராமலே இருந்துடலாம்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தான். எதிரே உட்கார்ந்தது அவன் நண்பன் ரபூரு. ஒசேவே ஆள்காட்டி விரலை வளைத்து வளைத்துப் பட்டனை அமுக்கினான். மூன்று கோல் போட்டு ஜெயித்தும்விட்டான். ஆனால் மறுநொடியே எழுந்துவிட்டான்.

"உன் கோல்கீப்பர் தூங்கினானாடா? நான் என்ன பிச்சையா கேட்டேன்?"

ரபூரு தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏன்டா ரபூரு, ஆடுறதுன்னா ஒழுங்கா ஆடு. இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு!"

மறுபடி ஆடினார்கள். இம்முறை ரபூரு கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. ஐந்துக்குப் பூஜ்யம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஐந்து வாங்கி ஒன்றும் போடாதவன் வெளியே போய்க் கதவைத் தட்டி, விருந்தாளி மாதிரி "ஹோடி" என்று அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அன்று அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நானே போய்க் கதவைத் திறந்தேன்.

"என்னடா உக்காந்திருக்கே? உனக்கு மட்டும் தனிச் சட்டமா? போ வெளியே!"

ஒசேவே என்னை ஒரு பார்வை பார்த்தான். எழுந்து போனான். கதவைச் சாத்தினேன். தட்டும் சத்தமே வரவில்லை. ஐயோ, வீட்டுக்கே போய்விட்டானோ என்று கதவில் காதை வைத்தேன்.

டொக், டொக்.

"யாரது?" கடை மொத்தமும் கத்தியது.

"ஹோடி! அஞ்சு கோல் வாங்கின ஒசேவே வந்திருக்கேன். உள்ளே வரலாமா?" சிரிப்பு தாங்காமல் கேட்டான்.

"வந்து தொலைடா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.