எழுந்து நின்ற கூட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு ஞாயிறு, இலங்கை மலைநாட்டு வத்தேகம கடைவீதியில் ஒரு மாடியில், தோட்டத் தொழிலாளருக்காகப் போராடி மறைந்த தலைவர் ஒருவருக்கு நினைவுக்கூட்டம் வைத்தோம். வெள்ளைக்காரத் துரை வந்தாலும் வேலை வாங்கும் கங்காணி வந்தாலும் உட்கார்ந்தபடியே பேசுங்கள் என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லித் திரிந்தவர் அவர். பள்ளிக்கூட வாத்தியாரான நான்தான் அன்றைக்குத் தலைமை.

தொடங்கும் நேரத்தில் பெரிய கங்காணி ஒருவர் படியேறி வந்தார். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, காதில் கடுக்கன். அவரை யாரும் அழைக்கவில்லை. பாயில் இருந்த சனம் முழுவதும் சட்டென்று எழுந்து நின்றது. அவர் உதட்டை அசைத்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். காலைப் பிரட்டில், வேலைக்கு வரிசையாக நிற்கும் ஆட்களை எண்ணிப் பழகிய உதடு. நாளைக்கு எத்தனை பேருக்கு வேலை போகுமோ?

முடியும்வரை கதவோரமே நின்றார். அவர் படி இறங்கும்போது கேட்டுவிட்டேன்.

“துரைகிட்ட யார் பேரைக் கொடுக்கத் தலை எண்ணினீங்க, கங்காணி?”

“எந்திரிக்காம எவன் இருக்கான்னு பார்த்தேனுங்க, வாத்தியாரய்யா.”

“இருந்தானா?”

“ஒருத்தனும் இல்லீங்களே” என்றார். அந்தக் குரலில் இருந்தது திருப்தியா, ஏமாற்றமா?

அடுத்த நாட்களில் யாருக்கும் வேலை போகவில்லை. இருந்தும் அந்த மனிதரை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போதே ஒன்று உறைத்திருந்தது: அவர் உள்ளே வந்ததும் கதிரையை விட்டு முதலில் எழுந்தவன் நான்.