போகிறவர் தோற்க வேண்டும்

“…அதாலை, பிழை என்ரைதான். அண்ணை சொன்னதுதான் சரி. நான் விளங்காமல் கதைச்சிட்டன்” என்றார் சித்தப்பா.

மண்டபத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை. அது மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபம். சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி அங்கேதான் நடந்தது. அதைத் தொடங்கியவர் அப்பா. எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அன்று பள்ளியின் ஆண்டுக் கூட்டம். சுவரோரத்து மேசையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடியபடி இருந்தன. நான் அம்மாவுக்குப் பக்கத்தில், முன்வரிசையில் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. சித்தப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதேயில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஏன் வெட்கப்பட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் ஜப்பானுக்குப் போய் வரவேண்டும்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டு ஹோலில் இருந்த சோபாதான் அவருடைய அறை. பகலில் ஒரு துணித் தொழிற்சாலையில் வெட்டு மேசையில் வேலை. அங்கே அவரோடு வேலை செய்த ஒரு கெபெக் மனிதருக்கு மல்யுத்தப் பைத்தியம்; அதுவும் ஜப்பானிய மல்யுத்தம். எங்கெங்கோ எழுதிப்போட்டு எடுப்பித்த வீடியோ கசெட்டுகளைச் சித்தப்பாவுக்கு இரவல் கொடுப்பார். கசெட்டில் வர்ணனை ஜப்பானிய மொழியில் ஓடும். அந்த மனிதர் சாப்பாட்டு நேரத்தில் பிரெஞ்சில் விளக்கம் சொல்லுவார். சித்தப்பா அதை மனதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கு யாழ்ப்பாணத் தமிழில் அவிழ்ப்பார். மூன்று பாஷை தாண்டி வந்த சரக்கில் எவ்வளவு சிந்தியது, எவ்வளவு புதிதாய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அதுதான் புராணம்.

“அந்தக் கொம்பனியைத் தொடங்கினவன் ஒரு மலை, பிள்ளை. வாசலுக்குள்ளாலை குனிஞ்சுதான் வருவான்” என்று தொடங்குவார்.

அந்த மலைக்கு ஒரு பிடிவாதம் இருந்ததாம். தன் மேடையில் குழப்பமான முடிவுகள் கூடாது. ஒருவர் வெல்ல வேண்டும், ஒருவர் தோற்க வேண்டும், பார்க்க வந்த சனம் திருப்தியாய் வீட்டுக்குப் போகவேண்டும். வயது போனபின் பெரிய சண்டைகளை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, தான் நிகழ்ச்சியின் நடுவில் வந்து வேடிக்கைச் சண்டை பிடித்தாராம். சனம் சிரிக்கச் சிரிக்க ஒல்லிக் கால்களோடு அவர் மேடை ஏறுவதை நானும் கசெட்டில் பார்த்தேன். பிறகு அவர் இறந்துபோனார். கொம்பனி அவர் மனைவியின் கைக்கு வந்தது. முதல் நிலையில் இருந்த வீரருக்கும் அந்த அம்மாவுக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் அந்த வீரர் கொம்பனியை விட்டு வெளிக்கிட்டார். அவர் பின்னால் கிட்டத்தட்ட எல்லோருமே வெளிக்கிட்டார்கள். டெலிவிஷன்காரரும் போனார்கள்.

“ஏன் சித்தப்பா எல்லாரும் போனவை?”

“அவன்ரை சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. அவன் எழும்பினால் எல்லாரும் எழும்புவாங்கள். உள்ளூர்க்காரரிலை ரெண்டு பேர்தான் மிஞ்சினவங்கள்.”

அந்த இருவரில் மூத்தவர் பிறகு தன்னந்தனியாக எதிரிக் கொம்பனியின் மேடைக்கு நடந்து போனார். இத்தனை காலம் பகையாய் இருந்தவர்களிடம், எங்களோடு வந்து சண்டை பிடியுங்கள், இல்லாவிட்டால் எங்கள் கொம்பனி இல்லை என்று கேட்கப் போனார். அந்த இடத்தில் சித்தப்பா எப்போதும் கசெட்டை நிறுத்திவிடுவார். திரையில் அந்த மனிதர் நடுங்கிக்கொண்டு நிற்பார். கசெட் நடுங்கியதா, மனிதர் நடுங்கினாரா என்று நான் யோசிப்பேன்.

அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேட்பார்: “பொய்ச் சண்டைக்கு இவ்வளவு சரித்திரமோடா?”

“முடிவுதான் அண்ணை பேசி வைச்சது. விழுந்தால் முதுகு நோகும்தானே.”

“உனக்கு மூளைதான் நோகுது.”

இப்படித்தான் அவர்கள் இருவரும். ஒருவரையொருவர் சீண்டாமல் தேத்தண்ணி இறங்காது.

ஒருநாள் சித்தப்பா அந்தத் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொன்னார். “ஒருத்தன் கொம்பனியை விட்டுப் போறதெண்டால், போகமுந்தி நிக்கிறவனிட்டைத் தோத்துக் குடுத்திட்டுத்தான் போகவேணுமாம். இந்தக் கூட்டம் அப்பிடிச் செய்யேல்லை. அதுதான் பிழைச்சுப்போச்சு.”

“அது அநியாயம். கெட்டிக்காரன் ஏன் தோக்கவேணும்?”

“வெண்டவனாப் போனால் சனமும் பின்னாலை போயிடும், பிள்ளை. பேந்து நிக்கிறவன் ஆருக்கு முன்னாலை சண்டை பிடிக்கிறது?”

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் கணக்கில் சித்தப்பா எதிலும் தோற்காதவர். அவர் வழக்கங்களைப் பற்றிப் பேசலாம். ஆனால் அவை மற்றவர்களுக்கானவை.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டிலேயே ஒரு சண்டை வந்தது. இது பொய்ச் சண்டை அல்ல. பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாய் நகரின் மேற்கு ஓரத்தில், பியர்பொன்ட்ஸிலும் கர்க்லாண்டிலும் வீடு வாங்கிப் போய்க்கொண்டிருந்தன. தகப்பன்மார் சனிக்கிழமையும் வேலை என்று காரைக் கொண்டு போய்விட, பிள்ளைகள் தாய்மாரோடு பனிக்குள் பஸ் மாறி மாறிப் பள்ளிக்கு வந்தார்கள். பள்ளியை அந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்றார் சித்தப்பா.

“சின்னதுகள் அண்ணை. வந்து சேரேக்கை மூக்கெல்லாம் சிவந்து, வாங்கிலை சாய்ஞ்சு நித்திரை கொள்ளுதுகள். அதுகளுக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது?”

“அங்கை மாத்தினால் இஞ்சை இருக்கிற பிள்ளையள் என்னெண்டு வாறது? நேற்று வந்து இறங்கின சனம். காரும் இல்லை, பாஷையும் இல்லை. வீடு வாங்கினவை வருவினம். வாங்காதவைக்கு ஆர் இருக்கினம்?”

இரண்டு பேரும் சரி. சின்ன வயதில் இரண்டு பேர் ஒரேநேரத்தில் சரியாக இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. நான் சித்தப்பாவின் கட்சி. முக்கால்வாசிப் பெற்றோரும் அவர் கட்சிதான். அப்பாவிடம் அவர்களுக்கு மரியாதை இருந்தது. சித்தப்பாவிடம் பாசமும் வாரப்பாடும் இருந்தன. பிள்ளைகளைத் தோளில் தூக்கிப் பனியில் விளையாடுகிறவரிடம்தானே அது ஒட்டும்.

இதற்கு நடுவில் சித்தப்பாவுக்கு டொராண்டோவில் கல்யாணம் சரிவந்தது. பெண் வீட்டார் அங்கே. வேலையும் அங்கேயே பார்த்துவிட்டார். மொன்றியலை விட்டு ஒரேயடியாகப் போகிறார். அதைக் கேள்விப்பட்டதும் கர்க்லாண்டிலிருந்து ஒரு மாமி வீடு தேடி வந்தா. மேற்குப் பக்கத்துத் தாய்மாருக்கெல்லாம் அவதான் வாய்.

“தம்பி, நீங்கள் போறது போங்கோ. போகமுந்திக் கூட்டத்திலை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காணும். நாங்கள் எங்கடை பக்கம் தனியாத் தொடங்கிறம். உங்கடை சொல்லெண்டால் எல்லாச் சனமும் வரும்” என்றா, அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

சித்தப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “தேத்தண்ணி குடியுங்கோ அக்கா” என்றார்.

எனக்குச் சந்தோஷம், ஒரே புளுகம். சித்தப்பா எழும்பப் போகிறார், எல்லோரும் எழும்பப் போகிறார்கள். மிஞ்சுகிறவர் என் அப்பா என்பது அந்தப் புளுகத்தில் என் மண்டைக்குள் ஏறவேயில்லை.

அதனால்தான் அந்தக் கூட்டத்தில் எனக்கு அவ்வளவு வெட்கம். அப்பா முதலில் பேசினார். பள்ளி இங்கேதான் இருக்க வேண்டும் என்றார், ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு சித்தப்பா எழும்பினார். பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணை, “ஆ, சிங்கம் வருது!” என்றார். சனம் சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்றார். பள்ளியை மாற்ற வேண்டும் என்று தான் வீட்டுக்கு வீடு சொல்லித் திரிந்ததை ஒன்றும் விடாமல் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகத் தானே அதை வெட்டினார். காரில்லாத பிள்ளைகளைத் தான் நினைக்கவில்லை என்றார். ஆனால் அந்தப் பிள்ளைகளைத்தான் அவர் எந்த நேரமும் நினைப்பார், எனக்குத் தெரியும். பொய் சொல்கிறாரே என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. அப்பாவின் முகத்தில் வென்றவரின் களை கொஞ்சமும் இல்லை.

“என்ன தம்பி, மாஸ்டர் வீட்டிலை வைச்சு வெருட்டிப்போட்டாரோ?” என்று அந்தப் பின்வரிசை அண்ணை கேட்டார்.

“இல்லை அண்ணை. யோசிச்சுப் பார்த்தன். தோத்துப்போனன், அவ்வளவுதான்.”

கர்க்லாண்ட் மாமி எழும்பினா. “அப்ப சரி. நாங்கள் வெளிக்கிடுறம்” என்று கோட்டை எடுத்தா. அவவைப் பார்த்து இன்னும் சிலர் எழும்பினார்கள். எங்கள் ஆட்கள் கோபத்தை வாயால் முழுக்கச் சொல்ல மாட்டார்கள். சமைத்து வைத்ததைச் சாப்பிடாமல் போவார்கள். அப்படிப் போனால் போனதுதான். பிறகு கல்யாணத்துக்கும் வர மாட்டார்கள், செத்தவீட்டுக்கும் வர மாட்டார்கள். மண்டபம் முழுவதும் கோட்டுகள் உரசும் சத்தம். பிள்ளைகள் வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துகளைத் தேடத் தொடங்கினார்கள்.

பள்ளி அதற்குப் பிறகும் பல வருடம் அதே மண்டபத்தில்தான் நடந்தது. அப்பாவும் சித்தப்பாவும் அந்த நாளைப் பற்றி ஒரு தடவையாவது கதைத்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் பஸ் மாறி மாறித்தான் வந்தார்கள், மூக்குச் சிவக்க. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் சித்தப்பா எல்லோருக்கும் முன்னால் தோற்றுப்போனார், அதுவும் அடி விழாமலே தோற்றுப்போனார் என்பது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு கசெட்டையும் அவரோடு உட்கார்ந்து பார்த்த நான்தான் அப்படி நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். நான் முகத்தை அம்மாவின் சேலைக்குள் புதைத்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தேன்.

சித்தப்பா மேசைக்குப் போனார். மூடியை எடுத்து வைத்துவிட்டு, சோற்றுச் சட்டியை அப்படியே இடுப்பில் அணைத்துக்கொண்டு, கோட்டின் ஒரு கையை மட்டும் போட்டிருந்த கர்க்லாண்ட் மாமியின் முன்னால் வந்து நின்றார். “இருங்கோ அக்கா” என்று சொல்லி, பேப்பர் பிளேட் ஒன்றை அவவின் மற்றக் கையில் வைத்து, சோறு போட்டார்.